தேடி அறிந்த இறைவன்

கல்கத்தாவில் 1878ஆம் ஆண்டு கிறிஸ்தவர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சிக்கு இருபது வயதுப் பெண்ணொருவரும் அவருடைய தமையனாரும் அழைக்கப்பட்டிருந்தனர். இருவரும் தென்னிந்தியக் காடுகளிலும் வடநாட்டுப் புண்ணியத் தலங்களிலும் ஆண்டுக்கணக்கில் கால்நடையாக அலைந்து வந்தவர்கள். சாத்திரங்களில் ஊறிய பிராமணக் குடும்பத்தினர். அங்கே அளிக்கப்பட்ட தேநீரையும் பலகாரத்தையும் அவர்கள் தொடவில்லை. பிராமணராகப் பிறந்தவர்களே மதம் மாறி ஆங்கிலேயரோடு சமமாக அமர்ந்து உண்பதைப் பார்த்துக் கலியுகம் முற்றிவிட்டது என்று எண்ணிக்கொண்டனர். சற்று நேரத்தில் பிரார்த்தனை தொடங்கியது. வந்திருந்தோர் எல்லாரும் தத்தம் நாற்காலியின் முன் மண்டியிட்டுக் கண்களை மூடிக்கொண்டனர். விக்கிரகமோ தீபமோ எதுவும் இல்லை. இவர்கள் நாற்காலியைத்தான் வணங்குகிறார்கள் போலும் என்று அந்தப் பெண் நினைத்தார்.

அந்தப் பெண்தான் பண்டித ரமாபாய். பெண்கல்விக்கும் இளம் விதவைகளின் மறுவாழ்வுக்கும் அவர் ஆற்றிய தொண்டு வரலாற்று நூல்களில் போதுமான அளவுக்குப் பதிவாகியிருக்கிறது. அவருடைய இறைநம்பிக்கையின் நிலை வேறு. சீர்திருத்த வரலாற்றை எழுதுவோர் அதைச் சற்றுக் கூச்சத்தோடு இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். பக்தி நூல்களை எழுதுவோரோ ஒரே நாளில் ஒளி கண்டவரைப்போல் அவரைக் காட்டுகின்றனர். அந்த நாற்காலிக் காட்சிக்கும் அவருடைய மரணத்துக்கும் இடையே 44 ஆண்டுகள் உள்ளன. அவ்வளவு காலத்திலும் அவருடைய கடவுள் அறிவு ஓரிடத்தில் நின்றதில்லை. அது மெதுவாக, பல தடவை தடுமாறி, பெரும்பாலும் அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தது.

தொடக்கம் அவருடைய தந்தையிடம் இருக்கிறது. அனந்த சாஸ்திரி டோங்கரே சம்ஸ்கிருதப் பேரறிஞர். பெண்கள் தேவமொழியைக் கற்கலாம் என்று நம்பித் தம் மனைவி லட்சுமிபாய்க்கே அதைக் கற்பித்தவர். அதற்காக உடுப்பியில் பண்டிதர் சபையின் முன் நிறுத்தப்பட்டபோது, பெண்ணுக்குக் கல்வி தரலாகாது என்று விதியில்லை எனச் சாத்திரங்களிலிருந்தே மேற்கோள் காட்டி வாதிட்டார். ஊரார் பகையிலிருந்து விலகி மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் ஆசிரமம் அமைத்தார். அங்கேதான் 1858 ஏப்ரல் 23 அன்று ரமாபாய் பிறந்தார். வந்தவர்க்கெல்லாம் உணவிட்டுச் செல்வம் கரைந்தபின் குடும்பம் யாத்திரை புறப்பட்டது. அப்போது குழந்தைக்கு ஆறு மாதம். பிரம்புப் பெட்டியொன்றில் வைத்துத் தலையில் சுமந்து மலையிலிருந்து இறக்கினார்கள். அதன்பின் அந்தக் குடும்பத்துக்கு நிலையான வீடு இருந்ததில்லை. கோயில் மண்டபங்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையால் வாழ்ந்தனர். தாய் கற்பித்ததைக் கேட்டுக் கேட்டே பன்னிரண்டு வயதுக்குள் பாகவதத்தின் 18,000 சுலோகங்களை ரமாபாய் மனப்பாடம் செய்திருந்தார்.

சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைகாட்டியபோது இந்த வாழ்க்கை நிலைகுலைந்தது. தாது வருடப் பஞ்சம் இன்னும் வரவில்லை. அது 1874ஆம் ஆண்டு. பெருமாளின் அருளை நாடித் திருப்பதிப் பக்கம் வந்திருந்த குடும்பத்திடம் இருந்த பொருளெல்லாம் தானங்களிலும் விரதங்களிலும் செலவாகிவிட்டது. கூலிவேலை செய்து பிழைக்கச் சாதிப் பெருமை இடம் தரவில்லை. காட்டில் பதினொரு நாள் தண்ணீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சங்காயும் உண்டு உயிர் வைத்திருந்தனர். கண்பார்வை இழந்திருந்த முதிய தந்தை புனிதத் தீர்த்தத்தில் மூழ்கி உயிர்விடத் தீர்மானித்து, ஒவ்வொருவரிடமாக விடைபெற்றார். மகன் சீனிவாசன், சாதிப் பெருமையை விட்டுக் கூலிக்குப் போகிறேன் என்று கூறித் தடுத்ததால் அன்று அவர் சாகவில்லை. ஆனால் அதிக நாள் வாழவுமில்லை. கடைக்குட்டியான ரமாபாயைத் தழுவிக்கொண்டு, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும், வாழ்நாள் முழுதும் அவருக்கே பணிசெய்ய வேண்டும் என்றும் அவர் கூறினார்.

பின்னாளில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது ரமாபாய் இந்தக் காட்சியைத்தான் தம் சமயப் பயணத்தின் முதல் படியாக வைத்தார். மதம் மாறியவர்கள் பலர் தம் முன்னோரின் பக்தியை முற்றிலும் இருளாகச் சித்திரிப்பதுண்டு. ரமாபாயும் சடங்குகளைப்பற்றிக் கடுமையாக எழுதியவர்தாம். ஆயினும் வைணவரான தம் தந்தை ஒப்படைத்த அந்தக் கடவுளும் தாம் பின்னர் கண்டடைந்த கடவுளும் வேறுவேறு என்று அவர் கருதவில்லை. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தடுத்துத் தாயும் மூத்த சகோதரியும் மாண்டனர். தாயின் உடலைச் சுமக்க ஆளில்லை. மயானமோ தொலைவு. இரக்கப்பட்ட பிராமணர் இருவர் வர, மூன்றாவதாகத் தமையன் நிற்க, நான்காவது ஆளாக ரமாபாயே பாடைக்குத் தோள்கொடுக்க வேண்டியதாயிற்று. உயரம் போதாமல் அவர் அதைத் தலையில் தாங்கி நடந்தார். பின்னர் உடன்பிறந்தார் இருவரும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தனர். பசியோடும் குளிரோடும் விதிகளை மட்டும் வழுவாமல் கடைப்பிடித்தனர். பலன் எதையும் காணவில்லை. நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது.

கல்கத்தா அவரைக் கொண்டாடியது. சாத்திரங்களைச் சரளமாகப் பேசும் இளம்பெண்ணைப் பரிசோதித்த அறிஞர்கள் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். உயர்குலப் பெண்களுக்குச் சாத்திரப்படி அவர்தம் கடமைகளை எடுத்துரைக்குமாறும் கேட்டுக்கொண்டனர். அதற்காகத் தர்ம சாத்திரங்களைத் தாமே முறையாகப் படிக்கத் தொடங்கினார். விளைவு, கேட்டுக்கொண்டவர்கள் எதிர்பாராதது. அந்நூல்கள் பலவற்றில் தமக்குள் முரண்பட்டாலும், பெண்ணுக்குத் தனித்த வீடுபேறு இல்லை, கணவனே அவளுக்குத் தெய்வம் என்பதில் ஒன்றுபட்டு நிற்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென், பெண்கள் படிக்கலாகாது என்று விலக்கப்பட்டிருந்த வேதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கத் தூண்டினார். உபநிடதங்களும் வேதாந்தமும் அவருடைய அறிவுக்கு உணவளித்தன. மனத்தின் தேட்டம் அடங்கவில்லை.

தமையனும் 1880இல் இறந்துபோனார். அவ்வாண்டிலேயே பிபின் பிகாரி தாஸ் மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். மணமகன் வேறு சாதி. திருமணம் சட்டப்படி நடந்த பதிவுத் திருமணம். அசாமின் சில்சாரில் கணவருடைய நூலகத்தில் வங்காள மொழியிலிருந்த லூக்கா நற்செய்தி நூல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. படித்தார், மேலும் அறிய விரும்பினார். அங்கிருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஒருவர் வந்து விளக்கமும் தந்தார். மனைவி கிறிஸ்தவராவதைக் கணவர் விரும்பவில்லை. 1882 பிப்ரவரியில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. திருமணமாகி இரண்டு ஆண்டும் ஆகவில்லை. கையில் மனோரமா என்னும் பெண்குழந்தை.

இருபத்து மூன்று வயது விதவையாகப் புணே திரும்பியவர் மூலையில் முடங்கவில்லை. ஆர்ய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார், நூல் எழுதினார், ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு 1883இல் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். புறப்படும்போது கிறிஸ்தவராகும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. காது சரியாகக் கேளாத குறையால் மருத்துவக் கனவும் கைகூடவில்லை.

வாண்டேஜ் என்னும் சிற்றூரில் ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்த புனித மரியாள் சபைச் சகோதரிகள் அவருக்கு இடம் அளித்தனர். அவர்கள் ஒருமுறை லண்டனின் ஃபுல்ஹாம் பகுதிக்கு அவரை அனுப்பிவைத்தனர். சமூகத்தால் வழிதவறியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களை அங்கே ஒரு சகோதரியர் இல்லம் பராமரித்துவந்தது. இத்தகைய பெண்களுக்குச் சாத்திரங்கள் விதித்த தண்டனைகளை ரமாபாய் அறிவார். அவர்களை மதித்து, மருந்திட்டு, தொழில் கற்பித்து மனிதராக நிறுத்தும் ஓர் இடத்தை அதுவரை அவர் எங்கும் பார்த்ததில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு சகோதரியிடம் கேட்டார். அவர், கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடியதைக் கூறும் யோவான் நற்செய்திப் பகுதியைப் படித்துக் காட்டினார். தத்துவ வாதங்களால் வசப்படாத ரமாபாயின் உள்ளத்தை அது தொட்டது. அவருடன் இந்தியாவிலிருந்து வந்த தோழி ஆனந்திபாய் பகத் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பெருந்துயரமும் அந்த நாட்களிலேயே நேர்ந்தது. 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் குழந்தை மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றனர்.

பக்தி வரலாறுகளில் இங்கே மங்களம் பாடிவிடுவார்கள். உண்மையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வாண்டேஜில் ரமாபாயின் ஞானத்தாயாக இருந்தவர் சகோதரி ஜெரால்டின். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் அவருக்கு ஆசிரியையாகவும் புரவலராகவும் இருந்தவர் டோரதியா பீல். இவர்களோடு ரமாபாய் நடத்திய கடிதப் போக்குவரத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. புதிதாக மதம் மாறிய ஓர் இந்தியப் பெண் நன்றியோடு தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதங்கள் அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். திரித்துவம் என்னும் கோட்பாட்டை விவிலியம் எங்கே அப்படியே சொல்கிறது என்று கேட்டார். கிறிஸ்துவின் தெய்வத்தன்மைபற்றி ஐயங்களை எழுப்பினார். சபை விசுவாச அறிக்கையின் எல்லா வாசகங்களையும் மனமார ஏற்காமல் வாயால் மட்டும் சொல்ல மறுத்தார். சிலுவையில் புரியாத லத்தீன் சொற்கள் எதற்கு, சம்ஸ்கிருதச் சொற்கள் இருக்கலாகாதா என்றார். புலால் உண்ண மறுத்தார். அவர் ஆண் மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது இந்தியாவில் அவருடைய மதிப்பைக் குலைக்கும் என்று ஆயர்கள் கருத்துரைத்தபோது, ஆண்கள் நிறைந்த சபைகளில் சாத்திரம் பேசிப் பழகிய பெண் சினந்தார். குருமார்களின் ஒரு கட்டளைக்கூட்டத்திலிருந்து விடுபட்டு வந்த தாம் மற்றொரு கட்டளைக்கூட்டத்துக்குள் நுழையப் போவதில்லை என்ற கருத்தை அவர் பணிவாகவும் உறுதியாகவும் எழுதினார்.

சகோதரி ஜெரால்டின் இதைக் கர்வமென்று கருதினார். அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. தம் பாதுகாப்பில் இருந்த ஓர் ஆன்மா வழிதவறிவிடுமோ என்ற கவலை அந்தக் கடிதங்களில் மெய்யாகவே தெரிகிறது. அந்தக் கடிதங்களைச் சேர்த்து வைத்துக் காப்பாற்றியவரும் அவரே. அவை 1977இல் நூலாக வெளிவந்தன. ஆனால் இருவரும் வெவ்வேறு பொருளைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். ஜெரால்டினுக்கு விசுவாசம் என்பது திருச்சபை கையளிக்கும் முழுமையான பொக்கிஷம். பெற்றுக்கொள்பவர் அதைப் பிரித்துப் பார்த்து எடைபோடக் கூடாது. ரமாபாய்க்கோ தாம் உணர்ந்து அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்வது பொய். புராணங்களைப் பொருள் உணராமல் ஒப்பிப்பவர்களைக் கண்டு சலித்தவர் அவர். இங்கிலாந்தில் கண்ட எண்ணற்ற சபைப் பிரிவுகளும் அவரைக் குழப்பின. ஒவ்வொன்றும் தானே மெய்வழி என்றது. எதிலும் முழுதாகத் தங்காமல் விவிலியத்தைத் தாமே படித்து, தம் மனச்சாட்சிக்கு ஒத்ததை ஏற்று, ஒவ்வாததை ஒத்திவைத்தார்.

இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைக் காண 1886இல் அமெரிக்கா சென்றவர், அங்கே மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலைபற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1887இல் வெளிவந்தது. பாஸ்டனில் அவர் பெயரால் ஒரு சங்கம் அமைந்தது. இளம் விதவைகளுக்காக அவர் நடத்தவிருந்த இல்லத்துக்குப் பத்தாண்டுகள் பொருளுதவி செய்ய அது முன்வந்தது. நிபந்தனை ஒன்று உண்டு. இல்லத்தில் மதப் பிரசாரம் கூடாது. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. முதல் மாணவியரில் ஒருவரான இளம் விதவை கோதுபாய்தான் பின்னர் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டவர். அடுத்த ஆண்டு இல்லம் புணேக்கு மாறியது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர்.

வெளியே எல்லாம் செம்மையாக நடந்துகொண்டிருந்த இந்த ஆண்டுகளில்தான் ரமாபாய்க்கு உள்ளே ஒரு வெறுமை தட்டியது. 1891 வாக்கில் வில்லியம் ஹஸ்லம் என்ற ஆங்கிலிகன் குருவின் தன்வரலாற்றைப் படித்தார். பல ஆண்டுகள் குருவாகப் பணியாற்றியபின்தான் தமக்கே மெய்யான மனமாற்றம் நேர்ந்தது என்று அதில் அவர் எழுதியிருந்தார். அந்தக் கண்ணாடியில் ரமாபாய் தம்மைக் கண்டார். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதமே, கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவர் அந்த நிலையை விளக்கினார். உலகின் சமயங்களில் இதுவே சிறந்தது என்ற அறிவார்ந்த முடிவில்தான் அவர் நின்றிருந்தார். எந்தப் புலமையாலும் தகுதியாலும் அன்றி, இருக்கிறபடியே தம்மை இறைவன் ஏற்கிறார் என்பதை அவர் அறிவால் ஒப்பியிருந்தாலும் தமக்கென்று நம்பியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தகுதி தேடி அலைந்த குடும்பத்தின் பெண்ணுக்கு அதுதானே கடினமான பாடமாக இருந்திருக்கும்! பதினெட்டாயிரம் சுலோகம், பட்டங்கள், நூல்கள், நிறுவனம் ஆகிய எதுவும் அதில் கணக்கில்லை.

அந்நாளிலிருந்து அவருடைய பிரார்த்தனையின் தன்மை மாறிற்று. அதுவே ஒரு பொதுப் பிரச்சினையாகவும் வெடித்தது. தம் அறையில் மகளோடு தினமும் அவர் விவிலியம் படித்துப் பிரார்த்திப்பது வழக்கம். கதவு திறந்தே இருக்கும். இல்லத்துப் பெண்கள் சிலர் ஒவ்வொருவராக வந்து அமரத் தொடங்கினர். 1893இல் செய்தி வெளியே பரவியது. திலகரின் கேசரி ஏடு கடுமையாகத் தாக்கியது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பெற்றோராலும் உறவினராலும் அழைத்துச் செல்லப்பட்டனர். யாரையும் அழைக்கவும் மாட்டேன், என் கதவை அடைக்கவும் மாட்டேன் என்பதே ரமாபாயின் நிலை. ஒவ்வொருவரும் தத்தம் சமயப்படி வழிபட இல்லத்தில் இடமிருக்கும்போது தமக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை என்று கேட்டார்.

இதில் நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததாகச் சொல்ல இயலாது. தாய்போல் போற்றும் ஒருவர் திறந்து வைத்திருக்கும் கதவு, போக்கிடமில்லாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வெறும் கதவு அன்று. அதுவும் ஓர் அழைப்புத்தான். ரானடே போன்றோர், ஊரார் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு நம்பிக்கையின்பேரில் தம் பெயரைக் கொடுத்தவர்கள். அந்த நம்பிக்கை மீறப்பட்டதாக அவர்கள் உணர்ந்ததைத் தவறென்று தள்ள முடியாது. மறுபுறம், திருச்சபையின் கட்டளைக்கே தம் மனச்சாட்சியை விட்டுக்கொடுக்காத பெண்ணிடம், நகரத்துப் பெரியோருக்காக அதை அறைக்குள் பூட்டி வைக்கும்படி கேட்டது நடக்கக்கூடிய காரியமன்று. 1898இல் பாஸ்டன் சங்கத்தின் பத்தாண்டு உடன்படிக்கை முடிந்தபின் அவர் மழுப்பலாக எதையும் நடத்தவில்லை. புதிய இல்லம் வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லமாக அமைந்தது. அந்த நேர்மை முதலிலேயே இருந்திருந்தால் 1893இன் கசப்பு நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

புதிய இல்லம் பிறந்தது பஞ்சத்தில். அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி. 1895இல் லோணாவாலாவில் நடந்த ஒரு பிரார்த்தனைக் கூடுகைக்குத் தம் பெண்கள் பதினைந்து பேரோடு சென்றிருந்தவர், அடுத்த ஆண்டுக்குள் இந்தப் பதினைந்து பதினைந்து மடங்காக, அதாவது 225 ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் கணக்கு. அவ்வளவு பேரை வைத்துக் காப்பாற்ற இடமும் இல்லை, பணமும் இல்லை. 1896இன் இறுதியில் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. எலும்பும் தோலுமாகத் தெருவோரம் கிடந்த சிறுமிகளைப் பார்த்தபோது, திருப்பதிக் காட்டில் இலை தின்ற நாட்கள் அவருக்கு நினைவு வந்தன. சுமார் முந்நூறு பெண்களைக் கூட்டி வந்தார். புணே மாவட்டத்தில் கேட்காவ் என்னுமிடத்தில், பழத்தோட்டம் போட்டு இல்லத்துக்கு வருமானம் தேடலாம் என்று வாங்கியிருந்த நிலத்தில் முதலில் கொட்டகைகள் எழுந்தன. பிறகு அதுவே முக்தி சதன் ஆயிற்று. 1900இல் குஜராத் பஞ்சம் வந்தபின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு என்ன? அரசு மானியமோ உறுதியான ஆண்டு வருமானமோ இல்லாத இல்லம் அது. பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரின் வரலாற்றை ரமாபாய் படித்திருந்தார். அவரைப்போலவே தேவைகளை முதலில் பிரார்த்தனையில் வைப்பது என்று முடிவு செய்திருந்தார். அதை வெறும் உணர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணறுகள் வெட்டப்பட்டன. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, தையல், அச்சுத்தொழில் எல்லாம் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பார்வையற்ற பெண்களுக்கு மகள் மனோரமா பிரெய்ல் எழுத்தைக் கற்பித்தார். கைவிடப்பட்ட பெண்களுக்கெனக் கிருபா சதன் என்று தனிப் பகுதி அமைந்தது. ஃபுல்ஹாமில் கண்டதன் விதை அது. தானியக் கணக்கைப் பார்ப்பதும், நோயுற்ற சிறுமியின் புண்ணைக் கழுவுவதும், விடியுமுன் எழுந்து பிரார்த்திப்பதும் அவருக்குத் தனித்தனி வேலைகளாக இருக்கவில்லை. கடவுளைப்பற்றிய ஐயங்களைக் கடிதங்களில் எழுதித் தீர்க்க முயன்ற செல்டன்ஹாம் மாணவி, கேட்காவ்வில் அவற்றைப்பற்றி அதிகம் எழுதவில்லை. விடை கிடைத்துவிட்டதாலா, வேலை மிகுந்ததாலா என்றால், இரண்டும்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அடக்கமும் பிரார்த்தனையும் அவரை ஆட்சியாளருக்கு இணங்கியவராக ஆக்கிவிடவில்லை. 1897இல் புணேயில் கொள்ளைநோய் தடுப்பு நடவடிக்கைகளின்போது மருத்துவமனையிலும் முகாம்களிலும் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து அவர் பத்திரிகையில் எழுதினார். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போனது. பம்பாய் ஆளுநர் மறுத்தார். கிறிஸ்தவரானதால் தம்மை அந்நியரின் கைப்பாவை என்று ஏசியவர்களே இந்த ஒரு விஷயத்தில் அவருடைய எழுத்தை வரவேற்க வேண்டியதாயிற்று.

முக்தியின் 1905ஆம் ஆண்டு எழுச்சிபற்றிக் கிறிஸ்தவ உலகில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்த ஆன்மிக எழுச்சியின் செய்தியைக் கேட்டு எழுபது பெண்கள் நாள்தோறும் கூடிப் பிரார்த்திக்கத் தொடங்கினர். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. ஜூன் இறுதியில் அழுகையும் பாவ அறிக்கையும் களிப்பும் கலந்த அனுபவங்கள் இல்லம் முழுதும் பரவின. மேனாட்டு மிஷனரிகள் சிலர் இதை மிகையுணர்ச்சி என்று முகம் சுளித்தனர். ரமாபாய் தடுக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. இந்தியப் பெண்கள் தங்கள் இயல்பின்படி இறைவனை அணுகட்டும், ஆங்கிலேய ஒழுங்கை அவர்கள்மேல் சுமத்த வேண்டாம் என்பது அவர் கருத்து. பிறருடைய கோப்பையில் தமக்கு ஊற்றித் தரப்பட்டதை இருபது ஆண்டுகளுக்கு முன் வாண்டேஜில் மறுத்தவர், தம் பெண்களுக்கும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்.

அவருடைய கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு மொழிபெயர்ப்புக்குப் போயிற்று. அன்று வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தில் சம்ஸ்கிருதச் சொற்கள் மலிந்திருந்தன. முக்தியில் எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்ணுக்கு அது எட்டாது. சம்ஸ்கிருதத்தில் நாட்டிலேயே புகழ்பெற்ற பண்டிதை, சம்ஸ்கிருதத்தைக் களைந்த மராத்தியில் விவிலியத்தை முதலிலிருந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அதற்காக நடுவயதில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். பழைய தத்துவச் சாயல் ஏறிய சொற்களைத் தவிர்த்து, அடுக்களையிலும் வயலிலும் புழங்கும் சொற்களைத் தேடினார். மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால் நடை கரடுமுரடாக இருக்கிறது என்பது இலக்கியம் அறிந்தவர்களின் குறை. அந்தக் குறையில் உண்மை உண்டு. பழைய மொழிபெயர்ப்பின் இடத்தை அவருடையது பிடிக்கவில்லை. ஆனால் தாம் அறிந்ததை, படிப்பு வாசனை இல்லாத ஒரு பெண் இடைத்தரகர் இல்லாமல் தானே படித்து அறிய வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. மனைவிக்குத் தேவமொழி கற்பித்த அனந்த சாஸ்திரியின் மகள் வேறு எதைச் செய்திருப்பார்!

அரசு 1919இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1921 ஜூலையில், தமக்குப்பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். பாடை சுமந்த பதினாறு வயதிலிருந்து தந்தை, தாய், சகோதரி, தமையன், கணவர் என ஒவ்வொருவராக இழந்த ரமாபாய்க்கு எஞ்சியிருந்த ஒரே உறவு அது. அவர் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. காது ஏறக்குறைய முற்றிலும் கேளாத நிலையில், அச்சுப்படிகளைத் திருத்துவதிலேயே அந்தக் கடைசி மாதங்களைச் செலவிட்டார். வேலை முடிந்த சில நாட்களில், 1922 ஏப்ரல் 5 அன்று அதிகாலை, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

விவிலியம் 1924இல் வெளிவந்தது. எழுத்துக் கோத்தவர்களும் அச்சடித்தவர்களும் தாள் மடித்துக் கட்டியவர்களும் முக்தியின் பெண்களே. அவர்களில் பலர் கேட்காவ் வந்துசேர்ந்தபோது ஓர் எழுத்தும் அறியாதவர்கள்.